இருபத்தொன்பதாவது கிலோமீட்டர்

கோவர்த்தனன் முப்பத்தொரு வருஷம் சித்தூர் டிப்போவில் கண்டக்டராக இருந்தவர். திருப்பதி பஸ்ஸில் நின்றபடியே பாதி ஆயுளைக் கழித்தவருக்கு, ஓய்வு என்றால் உட்காருவது என்ற எளிமையான எண்ணம் இருந்தது. குடிபாலாவில் வீட்டு வாசலில் நீல பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றைப் போட்டு, ஒன்றரை வருஷம் அந்த எண்ணத்தை நேர்மையாகச் செயல்படுத்தியும் வந்தார். அதைப் பொறுக்க முடியாத ஒரே ஆள் ஏழாயிரம் கிலோமீட்டர் தள்ளி ரோம் நகரத்தில் இருந்தான். அவருடைய மகன் சிரஞ்சீவி.

தாராளமயம் என்று நாடு கதவைத் திறந்துவிட்ட பிறகு திருப்பதியைச் சுற்றி மாந்தோப்பு இருந்த இடமெல்லாம் என்ஜினியரிங் காலேஜ் முளைத்த காலத்தில், அப்படி முளைத்த ஒன்றில் படித்தவன் சிரஞ்சீவி. அங்கிருந்து சென்னை, சென்னையிலிருந்து பெங்களூர், பெங்களூரிலிருந்து ரோம். சொந்த நிலம் என்று கையகலம் இல்லாத குடும்பத்தில் பிறந்து, ரோமாபுரியில் கம்ப்யூட்டர் தட்டுகிற முதல் ஆள். அவன் போன வேலையில் என்ன செய்கிறான் என்று ஊரில் யாருக்கும் புரியாததால், மரியாதை குறையாமல் இருந்தது.

2018 டிசம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் வந்தான்.

"நைனா, ஏப்ரல்ல உனக்கு அறுவது ஆவுது. இங்க மாரத்தான் வருது. நீயும் நானும் சேந்து ஓடறோம். ரெண்டு பேருக்கும் பேரு குடுத்துட்டேன்."

"எத்தினி தூரம்?"

"நாப்பத்திரெண்டு கிலோமீட்டர்."

கோவர்த்தனன் மனசுக்குள் ஸ்டேஜ் ஸ்டேஜாகப் போட்டுப் பார்த்தார். சித்தூரில் ஏறி வேலூர் போய், அங்கே ஒரு டீ குடிக்க இடம் தேடி நாலு தெரு சுற்றினால் ஆகிற தூரம்.

"ஏன்டா, அந்த ஊருல பஸ்ஸு இல்லியா?"

சிரஞ்சீவி சிரிக்கவில்லை. உடம்பு, மனசு, எல்லையைத் தாண்டுவது என்று ஏதேதோ சொன்னான். ஏற்கெனவே எங்கேயோ எழுதிப் போட்டதைப் படிக்கிற மாதிரி இருந்தது. பக்கத்தில் மாட்டுக்குத் தவிடு கலக்கிக்கொண்டிருந்த வெங்கடலட்சுமி தலையைத் தூக்கினாள்.

"ஓடினா இன்னா குடுப்பாங்க?"

"மெடல்மா."

"மொதல்ல வர்றவனுக்கா?"

"ஓடி முடிக்கற எல்லாருக்கும்."

"எல்லாருக்கும் குடுக்கறது மெடலா, பிரசாதமா?" என்று கேட்டுவிட்டு அவள் மாட்டிடம் போனாள். ரோமுக்கு வரச் சொன்னதற்கும் அவள் பதில் மாடுதான். மாட்டை யார் பார்ப்பார்கள்?

பதினாறு வாரத்துக்கான அட்டவணை வாட்ஸப்பில் வந்தது. கூரியரில் ஷூ வந்தது. இருட்டில் போட்டுக்கொண்டு நின்றால் கிளி வந்து உட்கார்ந்த மாதிரி ஒரு பச்சை. கூடவே முழங்காலுக்கு மேலே நின்றுவிடுகிற நிக்கர். அறுபது வயதுக்காரர் அதைப் போட்டுக்கொண்டு முதல் நாள் வேலூர் ரோட்டில் இறங்கினபோது குடிபாலா தன் கடமையைச் செய்தது. எதிரில் வந்தவன் "யாருக்கு இன்னா ஆச்சு மாமா?" என்று பதறினான். பின்னால் வந்த பால் வண்டிக்காரன் வேகத்தைக் குறைத்து, "ஏறிக்க சார், எங்க போவணும்? வுட்டுட்டுப் போறேன்" என்றான். வேண்டாம் என்று சொல்லி ஓடினவரைப் பக்கத்திலேயே வண்டியை ஓட்டிக்கொண்டு அரைக் கிலோமீட்டர் சமாதானம் செய்தான். பஸ் கண்டக்டர் ஒருவர் ரோட்டில் ஓடுவதைப் பார்த்தால் எவனுக்கும் மனசு கேட்காது. முதல் வாரத்தில் மட்டும் ஒன்பது பேர் அவரைக் காப்பாற்ற முன்வந்தார்கள். நாய்களை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நீண்ட ஓட்டம். மலையடிவாரத்தில் ஏறி இறங்கினால் தொடை பலப்படும் என்று சிரஞ்சீவி சொல்லியிருந்தான். அதனால் முதல் பஸ்ஸைப் பிடித்துத் திருப்பதி போய், கபில தீர்த்தம் பக்கம் அலிபிரி வரைக்கும் ஓடினார். மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை, விடிந்தும் விடியாத வேளையில், செம்மரம் வெட்டுகிறவர்களைத் தேடிக்கொண்டிருந்த போலீஸ்காரர் ஒருவரின் கண்ணில் பட்டார். காட்டுப் பக்கமிருந்து மூச்சு வாங்க ஓடி வருகிற ஆள், இடுப்பில் பெல்ட்டு, பெல்ட்டில் பாட்டில்கள், கேள்விக்குத் தெலுங்கில் வந்த பதிலில் தமிழ் வாடை. போலீஸ்காரருக்கு அன்றைய பொழுது நல்லபடியாக விடிந்தது.

"இன்னா பண்ணிக்கினு கீற இங்க?" என்று தனக்குத் தெரிந்த தமிழில் கேட்டார்.

"மாரத்தான் சார்."

"மரம்தானா?" போலீஸ்காரர் தடியை மாற்றிப் பிடித்தார். இவ்வளவு சுலபமாக இதுவரை யாரும் ஒப்புக்கொண்டதில்லை.

வாட்ஸப் அட்டவணை, ரோம் விசா, ஓய்வு பெற்றவர்களுக்கான பஸ் பாஸ் எல்லாவற்றையும் காட்டி விளக்க ஒன்றரை மணி நேரம் ஆனது. கடைசியில் பஸ் பாஸ்தான் காப்பாற்றியது. டீ வாங்கிக் கொடுத்து அனுப்பும்போது போலீஸ்காரர் உண்மையான அக்கறையோடு கேட்டார், ரோமில் ஓடுவதற்கு இங்கே எதற்கு ஓட வேண்டும், அங்கே போனதும் ஓடிக்கொள்ளக் கூடாதா என்று. கோவர்த்தனனுக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது.

இதற்குள் வெங்கடலட்சுமியின் தம்பி பச்சையப்பன் விஷயத்தைக் கையில் எடுத்திருந்தான். சித்தூரில் பிளெக்ஸ் பேனர் கடை வைத்திருக்கிறவன் அவன். ஒரு மனிதன் பிறந்தாலும் இறந்தாலும் பத்துக்கு எட்டு அடியில் தெரிய வேண்டும் என்பது அவன் கொள்கை. குடிபாலா கூட்டு ரோட்டில் பேனர் எழுந்தது. "ரோம் மாரத்தான் வீரர், எங்கள் குலவிளக்கு கோவர்த்தனன்" என்று தமிழிலும் தெலுங்கிலும் எழுதியிருந்ததற்குக் கீழே, வாழ்த்துவோர் பதினான்கு பேர் வட்டத்துக்குள் சிரித்தார்கள். நடுவில் கோவர்த்தனன் கொலோசியத்தைப் பின்னால் தள்ளிவிட்டு ஓடி வந்தார். கழுத்துக்கு மேலே அவர்தான். கழுத்துக்குக் கீழே, தொடையும் வயிறுமாக, கென்யாவைச் சேர்ந்த ஓட்டக்காரர் யாரோ.

"யார்ரா இது?" என்று கோவர்த்தனன் கேட்டார்.

"நீதான் மாமா. கொஞ்சம் டச்சப் பண்ணேன்."

ஏப்ரல் முதல் வாரம் ரோமில் இறங்கினார். ஏர்போர்ட்டுக்கு மகனும் மருமகள் சுமித்ராவும் வந்திருந்தார்கள். சுமித்ரா திருப்பதிப் பெண். ரோமில் குழந்தைகள் காப்பகம் ஒன்றில் வேலை பார்த்தாள். மகன் இளைத்திருந்தான். கன்னம் ஒட்டி, கண் பெரிதாகி, பேனரில் ஒட்டியிருந்த கென்யாக்காரன் மாதிரியே இருந்தான்.

"இன்னாடா இப்பிடி ஆயிட்ட?"

"ஃபிட்டா கீறேன் நைனா."

"ஆபீஸ் வேலையும் பாத்துக்கினு தெனம் இருவது கிலோமீட்டர் ஓடறாரு மாமா," என்றாள் சுமித்ரா. பெருமையாகத்தான் சொன்னாள். "சாயந்தரம் வந்தா காலு ரெண்டும் கட்டையா இருக்கும். நான்தான் எண்ணெ போட்டு அமுக்கி வுடறேன்."

மறுநாள் மகன் ஊரைச் சுற்றிக் காட்டினான். தூண் மட்டும் நின்ற கோயில், கூரை இல்லாத மண்டபம், பாதி போன வளைவு. எதைக் கேட்டாலும் இரண்டாயிரம் வருஷம் என்றான். கோவர்த்தனனுக்கு ஊர் பிடித்திருந்தது. சித்தூரில் ஒரு கட்டடம் இந்த நிலைமைக்கு வந்தால் கார்ப்பரேஷனில் நோட்டீஸ் ஒட்டிவிடுவார்கள். இங்கே டிக்கெட் போட்டு விற்கிறார்கள். மகனுக்கு ஒவ்வொரு சந்தும் தெரிந்திருந்தது. எந்த முக்கில் குடிதண்ணீர்க் குழாய், எந்தத் தோட்டம் எத்தனை மணிக்குத் திறக்கும், எந்த நூலகத்தில் கூட்டம் இருக்காது, எல்லாம் சொன்னான். ஆபீஸ் போகிறவனுக்கு இவ்வளவு எப்படித் தெரியும் என்று அவருக்குத் தோன்றியது. படித்தவன், தெரிந்திருக்கும் என்று விட்டுவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலை கொலோசியத்துக்குப் பக்கத்தில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் நெஞ்சில் நம்பரைக் குத்திக்கொண்டு குளிரில் நடுங்கினார்கள். திருமலையில் தர்மதரிசனத்துக்கு நிற்கிற கூட்டத்தில் பாதிகூட இல்லை. ஆனால் இங்கே பணம் கட்டி நிற்கிறார்கள், உள்ளே போனால் சாமியும் இல்லை. நிறையப் பேர் தெருவோரத்தில் மூத்திரம் பெய்தார்கள். இரண்டாயிரம் வருஷத்துச் சுவர் அதையும் பார்த்துக்கொண்டு நின்றது.

சிரஞ்சீவியின் திட்டம் இது. முதல் பத்துக் கிலோமீட்டர் அப்பாவோடு ஓடுவான், படம் எடுப்பான். பிறகு தன் வேகத்தில் போய் நாலு மணி நேரத்தில் முடித்துவிட்டு, கடைசிக் கோட்டில் போனோடு நிற்பான். ஆறரை மணி நேரம்தான் கெடு. அதற்குள் அப்பா வந்தால் மெடல். பின்னால் ஒரு பஸ் வரும், முடியாதவர்களை ஏற்றிக்கொள்ளும்.

"அப்போ பஸ்ஸு கீது," என்றார் கோவர்த்தனன்.

"அதுல ஏறக்கூடாது நைனா. ஏறினா அவமானம்."

முப்பத்தொரு வருஷம் பஸ்ஸில் ஆள் ஏற்றிய மனிதரிடம் இதைச் சொல்லிவிட்டு அவன் வாட்சை அமுக்கினான். ஓட்டம் ஆரம்பித்தது.

பத்தாவது கிலோமீட்டர் வரைக்கும் எல்லாம் அட்டவணைப்படி நடந்தது. மகன் முன்னால் ஓடி, திரும்பி நின்று, அப்பா வருவதைப் படம் எடுத்தான். மூன்று தடவை "இன்னொரு வாட்டி வா நைனா, நடுவுல ஒருத்தன் பூந்துட்டான்" என்று பின்னால் அனுப்பினான். ஆகக் கோவர்த்தனன் மற்றவர்களைவிட இருநூறு அடி அதிகமாக ஓடினார். பிறகு மகன் கையைக் காட்டிவிட்டு முன்னால் போய்க் கூட்டத்தில் மறைந்தான்.

தனியாக ஓடினார், நடந்தார், மறுபடி ஓடினார். கருங்கல் துண்டுகளைப் பதித்த தெருவில் கால் வைக்குமிடமெல்லாம் பள்ளம். ஊரில் இருக்கிற புதலப்பட்டு ரோடு எவ்வளவோ மேல் என்று தோன்றியது. சரித்திரத்தைப் பார்த்தபடி ஓடலாம் என்று மகன் சொல்லியிருந்தான். அவர் பார்த்தது முன்னால் ஓடிய ஒரு தடித்த ஆளின் முதுகு. அதில் வேர்வை முதலில் ஒரு தீவாகத் தோன்றி, பன்னிரண்டாவது கிலோமீட்டரில் கண்டமாகி, பதினெட்டில் முழு உலகத்தையும் பிடித்தது. ஒரு மேஜையில் மஞ்சளாக, சதுரமாக அடுக்கி வைத்திருந்ததைக் கேக் என்று எடுத்துக் கடித்தார். முகம் துடைக்கிற ஸ்பாஞ்ச். கொடுத்த பெண் கைதட்டினாள். கெட்டியான வெல்லப்பாகில் இருமல் மருந்தைக் கலந்த மாதிரி ஒரு பசையைத் தெம்புக்கென்று மகன் அவர் பாக்கெட்டில் போட்டிருந்தான். அதையும் தின்றார். ஸ்பாஞ்ச் பரவாயில்லை.

ஆற்றங்கரை ரோட்டில் இருபத்தொன்பது என்று எழுதிய பலகைக்குக் கீழே, கல்படியில் ஒருவன் ஒரு ஷூவைக் கழற்றிவிட்டு உட்கார்ந்திருந்தான். கிட்டே போனதும் அது சிரஞ்சீவி என்று தெரிந்தது.

"இன்னாடா, நாலு மணி நேரத்துல முடிச்சிட்டு போட்டோ எடுக்க நிப்பேன்ன?"

"காலு புடிச்சிக்கிச்சி நைனா. நீ போ. உனக்கு டைம் கீது."

கோவர்த்தனன் பக்கத்தில் உட்கார்ந்தார். மகனின் ஆடுசதை கல்லாக இறுகியிருந்தது. கையை வைத்ததும் அவன் பல்லைக் கடித்தான்.

"நாலு மாசமா ஓடின. பதினெட்டு, இருவதுன்னு தெனம் அனுப்பின. ஆபீஸும் போயிக்கினு எப்பிடிடா ஓடறான்னு உங்கம்மா கூட கேட்டா."

"ஆபீஸ் போவல நைனா."

"இன்னிக்கு ஞாயித்துக்கெழம. எப்பிடிப் போவ?"

"நவம்பர்ல இருந்து போவல."

ஓடுகிறவர்கள் போய்க்கொண்டிருந்தார்கள். ரோமாபுரிச் சிப்பாய் வேஷம் போட்ட ஒருவன் தகரக் கவசம் குலுங்கக் கடந்தான். மகன் ஆற்றைப் பார்த்துப் பேசினான். அவன் இருந்த பிரிவையே கம்பெனி மூடிவிட்டது. அன்றைக்குச் சாயந்தரம் வீட்டுக்குப் போனபோது சுமித்ரா ஊருக்குப் போன் பேசிக்கொண்டிருந்தாள், அப்புறம் சொல்லலாம் என்று நினைத்தான். மறுநாளும் நினைத்தான்.

"காலைல பேக்க தூக்கிக்கினு கெளம்பிடுவேன். உள்ள ஷூ. பொழுது போவணுமே, ஓடுவேன். அப்பால லைப்ரரில குந்தினு வேலைக்கு எழுதிப் போடுவேன். ஆறு மணிக்கு வூடு."

"அந்தப் பொண்ணுக்கு?"

"தெரியாது."

எண்ணெய் போட்டு அமுக்கி விடுகிற சுமித்ராவின் கைகள் கோவர்த்தனனுக்கு நினைவுக்கு வந்தன. "கட்டினவகிட்ட பொய் சொல்லிக்கினு, யூனிபார்ம் போட்ட மாதிரி பேக்க மாட்டிக்கினு, தெனம் தெனம் ஏமாத்திக்கினு... எங்கடா கத்துக்கின இத?"

"உன்கிட்டதான்."

அவர் கை அவன் காலிலேயே நின்றுவிட்டது.

"நான் மூணாவது படிக்கறப்போ ஸ்கூல்ல இருந்து ஊசி போட சித்தூர் கூட்டிக்கினு வந்தாங்க. கலெக்டர் ஆபீஸ் எதிர்ல, புளியமரத்தடியில நீ குந்தினு இருந்த. காக்கி சட்டையோட. டிபன் பாக்ஸ்ல இருந்து துன்னுக்கினு இருந்த. சாயந்தரம் வூட்டுக்கு வந்து, இன்னிக்கு பஸ்ஸு பாகாலாவுல பஞ்சர்னு அம்மாகிட்ட சொன்ன."

"ஒரு நாளு..."

"ஊசி மூணு தபா போட்டாங்க நைனா. மூணு தபாவும் அங்கதான் இருந்த."

தொண்ணூற்று நாலாம் வருஷம். புதலப்பட்டு தாண்டிச் செக்கிங்காரர்கள் ஏறினபோது, கூட்டத்தில் இரண்டு பேர் டிக்கெட் இல்லாமல் இருந்தார்கள். நாலு மாதம் சஸ்பென்ஷன். தன் தெருவிலேயே முதல் சர்க்கார் வேலைக்காரர் அவர். காக்கிச் சட்டை போடாமல் காலையில் வீட்டைவிட்டு இறங்க அவருக்குத் தெரியவில்லை. அதனால் நாலு மாதமும் போட்டுக்கொண்டு இறங்கினார். பாதிச் சம்பளம்தான் வந்தது. மிச்சத்தைச் சொசைட்டிக் கடனில் பிடிக்கிறார்கள் என்று வீட்டில் சொன்னார். அந்த விஷயம் டிப்போ பைலோடு போயிற்று என்று இருபத்தைந்து வருஷமாக நம்பிக்கொண்டிருந்தார். மூன்று டோஸ் தடுப்பூசி அதைப் பார்த்துவிட்டிருந்தது.

"ஏன்டா உங்கம்மாகிட்ட சொல்லல?"

"நீ சொல்லலியே."

புத்தி சொல்வதற்கு என்று ஒரு தகுதி வேண்டும். அது அவரிடம் இருந்த கொஞ்ச நஞ்சமும் இப்போதுதான் போயிற்று. மகனின் சதையை இரண்டு கட்டைவிரலாலும் நீவிக்கொண்டே இருந்தார்.

கெடு நேரத்தோடு கூட வருகிற அந்தப் பஸ் விளக்கைப் போட்டுக்கொண்டு பின்னால் வந்து நின்றது. சிரஞ்சீவி தலையை ஆட்டினான். "ஏற மாட்டேன் நைனா. பேரு பக்கத்துல முடிக்கலன்னு எழுதிடுவாங்க. எல்லாரும் பாப்பாங்க."

கோவர்த்தனனுக்கும் மெடல்மேல் ஆசை இருந்தது. கூட்டு ரோட்டில் பத்துக்கு எட்டு அடியில் நிற்கிற மனிதருக்கு இருக்காதா? மகனுக்காக அதை விட்டுக்கொடுத்தார் என்று சொன்னால் கதைக்கு அழகாக இருக்கும். நடந்தது வேறு. எழுந்திருக்கப் பார்த்தார், முழங்கால் இரண்டும் அந்த யோசனையை ஏற்கவில்லை. அரை மணி நேரம் கல்படியில் உட்கார்ந்ததோடு அவருடைய மாரத்தான் முடிந்திருந்தது. பஸ்ஸிலிருந்து இறங்கிய ஒரு பெண் அப்பனையும் மகனையும் ஆளுக்கொரு கையில் பிடித்து ஏற்றினாள்.

உள்ளே குளிருக்கு ஜிகினாத் தாளைப் போர்த்திக்கொண்டு, பொட்டலம் கட்டிய பிரியாணி மாதிரி இருபது முப்பது பேர் இருந்தார்கள். எல்லோரும் வாசலிலேயே அடைத்துக்கொண்டு நின்றார்கள். பின்னால் பாதிப் பஸ் காலி. இப்படி ஒரு காட்சியைப் பொறுத்துக்கொள்ளக் கோவர்த்தனனுக்கு எந்தக் காலத்திலும் தெரியாது.

"ஜரகண்டி, ஜரகண்டி, உள்ள போங்க," என்றார். தெலுங்கும் தமிழும் அறியாத பல தேசத்துக்காரர்கள் அந்தக் குரலைக் கேட்டதும் மறுபேச்சில்லாமல் பின்னால் நகர்ந்தார்கள். ஒரு கிழவிக்கு உட்கார இடம் வாங்கிக் கொடுத்தார். பிறகு பக்கத்துத் தகரத்தில் இரண்டு தட்டு தட்டி, "ரைட்" என்றார். டிரைவர் கண்ணாடியில் ஒரு தடவை பார்த்துவிட்டு வண்டியை எடுத்தார்.

சிரஞ்சீவியின் போன் அடித்தது. ஓடுகிறவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று போனில் புள்ளியாகக் காட்டும் ஏற்பாடு ஒன்று இருந்தது. சுமித்ரா கடைசிக் கோட்டில் நின்று அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். "உன் புள்ளியும் மாமா புள்ளியும் அரை மணி நேரமா ஒரே எடத்துல நின்னுச்சி. இப்போ பறக்குது. இன்னா ஆச்சு?" அவள் குரல் பக்கத்து சீட்டுக்கே கேட்டது.

சிரஞ்சீவி அப்பாவைப் பார்த்தான். அப்பா ஜன்னலைப் பார்த்தார். தமிழ் தெரிந்த அந்நியன் ஒருவன்கூட இல்லாத பஸ் அது. ஒரு மனிதன் உண்மை பேச இதைவிட வசதியான இடம் ரோமாபுரியில் கிடைக்காது. பேசினான். நவம்பரிலிருந்து பேசினான். சொல்லி முடிப்பதற்குள் பஸ் இரண்டு பாலம் கடந்தது.

"அப்போ," என்றாள் சுமித்ரா, "தெனம் சாயந்தரம் நான் எதுக்கு உன் காலு அமுக்கி வுட்டேன்?"

லைன் போய்விட்டது.

பஸ் போய்ச் சேர்ந்தபோது அவள் கடைசிக் கோட்டில் இல்லை. மெட்ரோ பிடித்து, ஆளுக்கு ஒரு கைப்பிடியில் தொங்கிக்கொண்டு இருவரும் வீடு போய்ச் சேர்ந்தார்கள். மாமனாருக்குக் கோழிக் குழம்பு ஊற்றிச் சாதம் போட்டாள். புருஷனுக்குத் தட்டு வைக்கவில்லை. மூன்று நாள் அவள் அவனோடு பேசவில்லை. சொல்ல வேண்டியதை மாமனாரிடம் சொன்னாள். "மாமா, வேலைக்குப் போறவங்க யாராவது இருந்தா பேக்க எடுத்துக்கினு கெளம்பச் சொல்லுங்க." கோவர்த்தனன் அதை மகனிடம் சொல்வார். அவன் அங்கேயேதான் உட்கார்ந்திருப்பான்.

நாலாம் நாள் அவள் போனை அவன் முன்னால் போட்டாள். ரோமைச் சுற்றிப் பார்க்க வருகிறவர்களில் சிலருக்கு நடந்து பார்க்கப் பொறுமை இல்லையாம். ஓடிக்கொண்டே பார்க்க வேண்டுமாம். கூட ஓடி, இது கோயில், இது குளம் என்று சொல்ல ஆள் தேடுகிறார்கள்.

"அஞ்சு மாசத்துல கத்துக்கினது அதுதான? போயி ஓடு. இந்த வாட்டி ஓடறேன்னு சொல்லிட்டு ஓடு," என்றாள். அந்த வாரத்தில் அவனிடம் அவள் நேராகச் சொன்ன முதல் வார்த்தை அது.

அவன் போனான். அந்தக் கோடை முழுக்க அமெரிக்காக்காரர்களுக்கும் ஜப்பான்காரர்களுக்கும் முன்னால் ஓடிக்கொண்டே, திரும்பித் திரும்பி, இரண்டாயிரம் வருஷம் என்று சொன்னான். செப்டம்பரில் வடக்கே ஒரு சின்ன ஊரில், பழையதைவிட ஒரு படி கீழே, கம்ப்யூட்டர் வேலை கிடைத்தது. சேர்ந்த அன்றோடு ஓடுவதை நிறுத்திவிட்டான். இப்போது தொப்பை போட்டிருப்பதாகச் சுமித்ரா சொல்கிறாள்.

கோவர்த்தனன் ஏப்ரல் கடைசியில் ஊர் திரும்பினார். முடிவு என்ன ஆயிற்று என்று கேட்பதற்காகப் பச்சையப்பன் காத்திருக்கவில்லை. "ரோமை வென்று திரும்பிய மாவீரரே வருக" என்ற பேனர் தயாராகி, ஏறி, அது தேர்தல் சமயம் என்பதால் தேர்தல் அதிகாரிகள் கண்ணிலும் பட்டிருந்தது. இந்த வேட்பாளர் எந்தக் கட்சி என்று விசாரித்துவிட்டு, பதில் திருப்தியாக இல்லாததால் பாதியைக் காகிதம் ஒட்டி மறைத்துவிட்டுப் போயிருந்தார்கள். தலை மறைந்துவிட்டது. கென்யாக்காரர் மட்டும் ஓடிக்கொண்டிருந்தார்.

டீக்கடையில் அவர் உள்ளதைச் சொன்னார். "நான் எங்க ஜெயிச்சேன்? இருவத்தொம்பதாவது கிலோமீட்டர்ல பஸ்ஸு ஏறிட்டேன்."

கடையில் இருந்தவர்கள் தலையாட்டினார்கள். பெரிய மனுஷன், எவ்வளவு அடக்கமாகப் பேசுகிறார் என்று ஒருவன் இன்னொருவனிடம் சொன்னான். உண்மையை அவர் ஐந்தாறு இடத்தில் சொல்லிப் பார்த்தார். சொல்லச் சொல்ல மதிப்பு ஏறிக்கொண்டே போனதால் விட்டுவிட்டார்.

வீட்டில் வெங்கடலட்சுமியிடம் மகன் விஷயத்தை முதல் நாளே சொல்லியிருந்தார். தன் விஷயத்தைச் சொல்ல ஒரு வாரம் ஆனது. கறவை முடிந்து அவள் கை கழுவிக்கொண்டிருந்தபோது, தொண்ணூற்று நாலு, புதலப்பட்டு, இரண்டு டிக்கெட், நாலு மாதம் என்று ஸ்டேஜ் பேர் படிக்கிற மாதிரிச் சொல்லி முடித்தார். அவள் பாலை எடுத்துக்கொண்டு சொசைட்டிக்குப் போய்விட்டாள்.

இரண்டு நாள் கழித்து வேர்க்கடலை உடைத்துக்கொண்டிருக்கும்போது, தலையைத் தூக்காமல் கேட்டாள்.

"அந்த நாலு மாசமும் வெடிகாலைல எழுந்து சோறு கட்டிக் குடுத்தேனே. மரத்தடியில தனியாவா குந்தினு துன்ன?"

"ஒரு நாயி வரும்," என்றார் கோவர்த்தனன்.

"அதுக்குப் போட்டியா?"

"பாதி போட்டேன்."

வெங்கடலட்சுமி உடைத்த கடலையை முறத்தில் தள்ளினாள். "சொல்லியிருந்தா இன்னும் கொஞ்சம் வெச்சிருப்பேன்ல," என்றாள்.